முடிவும் முடிபும்: தமிழ் நாவல்கள் திரைக்கு வந்த கதை

புகழ்பெற்ற நூலொன்று திரைப்படமாகி வெளிவரும்போதெல்லாம் இலக்கிய வாசகர்களிடையே ஒரே குரல் எழுவது வழக்கமாகிவிட்டது: ‘நாவலில் இருந்தது படத்தில் இல்லை.’ 2019இல் ‘அசுரன்’ வந்தபோதும், 2022இலும் 2023இலும் ‘பொன்னியின் செல்வன்’ இரு பாகங்களாக வந்தபோதும் இக்குரலை நாம் கேட்டோம். மறுபுறம், ‘சினிமா வேறு ஊடகம், அதை நாவலோடு ஒப்பிடுவதே பிழை’ என்ற பதிலும் உடனே வந்தது. முதல் குரல் திரைப்படத்தை நூலின் நகலாக மட்டுமே காண்கிறது. இரண்டாவது, நூலாசிரியனின் பெயரைத் தலைப்பில் போட்டுக்கொண்டபின் அவனுக்குக் கடன்பட்ட நிலையே இல்லை என்கிறது. இரண்டுமே நமக்கு நிறைவளிக்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு நம் இலக்கணிகள் ஏற்கெனவே ஒரு சொல்லைத் தந்திருக்கிறார்கள். முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியம் பகுக்கிறது. வழிநூல் தொகுத்தும் செய்யலாம், விரித்தும் செய்யலாம், தொகுத்தலும் விரித்தலும் கலந்தும் செய்யலாம், மொழிபெயர்த்தும் செய்யலாம். ஆயிரம் பக்க நாவலை இரண்டரை மணி நேரமாகச் சுருக்குவது தொகுத்தல். பத்துப் பக்கச் சிறுகதையை முழுநீளப் படமாக்குவது விரித்தல். நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே போய், வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்து நிற்கவேண்டும், அவ்வாறு நின்றுகொண்டே பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாட்டைச் சொல்லலாம் என்கிறார்.

இங்கே ‘முடிபு’ என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அது கதை நின்றுபோகும் இடத்தைக் குறிப்பதன்று. நூல் கண்டடைந்து நிலைநாட்டும் கருத்தைக் குறிப்பது. கதை நின்றுபோகும் இடத்தை நாம் ‘முடிவு’ என்போம். முடிவை மாற்றியும் முடிபைக் காக்கலாம். முடிவை அப்படியே வைத்துக்கொண்டு முடிபைத் தொலைத்துவிடவும் முடியும். கம்பன் வான்மீகத்தின் வழிநூல் செய்தவன். மூலத்தில் இராவணன் சீதையைக் கைகளால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். தமிழ் மரபின் உள்ளத்துக்கு ஏற்ப ஒரு பெரும் நிகழ்ச்சியையே மாற்றியவன் காப்பியத்தின் முடிபை மாற்றவில்லை. ஆகவே ‘மாற்றினார்களா?’ என்ற கேள்வியை விட, ‘மாற்றியபின் முடிபு நின்றதா?’ என்ற கேள்வியே பயன் தருவது. இந்த அளவுகோலோடு எண்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழ்த் திரை வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

*

தமிழ் பேசும் படம் 1931இல் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் புராணங்களுக்கும் நாடக மேடையில் பழகிய கதைகளுக்கும் உரியவை. சமூகக் கதை என்று வரும்போது படமெடுப்போர் நாடியது அக்காலத்தில் ஏராளமாக வாசிக்கப்பட்ட நாவல்களைத்தான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ முதலில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமாகி, பின்னர் 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமானது. நாவலிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து திரைக்கு என்ற இந்தப் பாதையே அன்றைய பொதுப்பாதை.

அதற்கடுத்த ஆண்டு வந்த ‘சதி லீலாவதி’யின் கதை சுவையானது. எம்.ஜி.ஆருக்கு முதல் படம், எல்லிஸ் ஆர். டங்கன் தமிழில் இயக்கிய முதல் படம் என்று அது நினைக்கப்படுகிறது. எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னில் எழுதிய தொடர்கதையே அதன் மூலம். படம் உருவாகும்போது, ‘பதிபக்தி’ நாடகக் கதையை எடுத்துவிட்டார்கள் என்று வழக்கு எழுந்தது. இரண்டுமே ஹென்றி வுட் அம்மையார் 1860இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற மதுவிலக்கு நாவலிலிருந்து வந்தவை என்று வாசன் ஒப்புக்கொண்டதோடு வழக்கு ஆட்டம் கண்டது. இரு வழிநூல்கள் தம்முள் வழக்காடியபோது முதல்நூல் கடல் கடந்து கிடந்தது! ஆனாலும், குடியின் கேடு என்ற முடிபு, இங்கிலாந்தில் நின்றதுபோலவே காந்தியின் காலத்துத் தமிழ்நாட்டிலும் நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

முடிவும் முடிபும் ஒன்றாகவே பிறந்த நிகழ்ச்சி கல்கியின் ‘தியாகபூமி’. கே. சுப்பிரமணியம் படத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே விகடனில் கதை தொடராக வந்தது; ஓவியங்களுக்குப் பதில் படக்காட்சிகளின் புகைப்படங்கள் அச்சாயின. 1939இல் படம் வெளிவந்தது. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்தனர். கைவிட்ட கணவன், மனைவி தன்னோடு வந்து வாழவேண்டும் என்று நீதிமன்றம் ஏறுகிறான். சாவித்திரி மறுக்கிறாள், வேண்டுமானால் கணவனுக்குத் தான் ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறாள். அவளும் தந்தையும் சேரும் இடம் விடுதலைப் போராட்டம்.

மனம் திருந்திய கணவனிடம் மனைவி திரும்புவதே சதிகளின் கதைக்கு வழக்கமான முடிவாயிருந்த காலம் அது. அந்த முடிவை மறுத்ததால்தான் ‘தியாகபூமி’ இன்றும் பேசப்படுகிறது. ஆங்கிலேய அரசு 1940இல் படத்தைத் தடைசெய்தது. தடை வருவதை அறிந்து சென்னை கெயிட்டி திரையரங்கில் மக்களுக்கு இலவசமாகவே படத்தைக் காட்டினார்கள் என்று திரை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கதையின் முடிவு அரசாங்கத்தை அச்சுறுத்தக்கூடும் என்பதற்குத் தமிழில் இதனினும் தெளிவான சான்று அரிது.

*

விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் தொடர்கதைகளின் பொற்காலம். வாராவாரம் வீட்டுக்கு வரும் இதழை யார் முதலில் படிப்பது என்று சண்டை நடந்த காலம் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வாசகர்களே திரையரங்கின் பார்வையாளர்களும் ஆனார்கள். நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ 1954இல் ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில், எம்.ஜி.ஆர். நடிக்க வெளிவந்தது, அவ்வாண்டின் தேசிய விருதுகளில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கத்தையும் பெற்றது. பின்னர் பல மொழிகளுக்கும் சென்றது. இந்தியில் அதன் பெயர் ‘ஆசாத்’. கல்கியின் ‘கள்வனின் காதலி’ 1955இலும் ‘பார்த்திபன் கனவு’ 1960இலும், அகிலனின் ‘பாவை விளக்கு’ 1960இலும், லக்ஷ்மியின் ‘பெண் மனம்’ 1963இல் ‘இருவர் உள்ளம்’ என்ற பெயரிலும் படங்களாயின.

இக்காலத்துப் படங்கள் எடுத்துக்கொண்டது நூலின் பிரதியை மட்டுமன்று, வாசகரின் நினைவையும்கூட. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு வந்தது. சண்முகசுந்தரமும் மோகனாவும் வைத்தியும் எப்படி இருப்பார்கள் என்பது 1968இல் ஏ.பி. நாகராஜன் படம் எடுப்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வீடுகளில் முடிவாகியிருந்தது. அந்த நினைவுக்குள் சிவாஜி கணேசனும் பத்மினியும் நாகேஷும் பொருந்தி நின்றதே படத்தின் வெற்றி. பெரும் தொடரின் கிளைக்கதைகள் பல வெட்டுண்டன. இருப்பினும் கலைஞனின் செருக்கும் காதலும் ஒன்றையொன்று உரசும் இடமே நாவலின் உயிர் என்பதை நாகராஜன் அறிந்திருந்தார். நாதசுரத்துக்கும் சதங்கைக்கும் நடக்கும் போட்டியைப் படத்தின் நடுவில் நிறுத்தினார். தொகுத்தல் என்ற வகைக்கு இதனை நாம் உதாரணமாகக் காட்டலாம்.

‘தமிழ் ரசிகர்கள் சோக முடிவை ஏற்கமாட்டார்கள்’ என்ற நம்பிக்கை அன்றே படவுலகில் வேரூன்றியிருந்தது. நாவலின் முடிவை மாற்றும் ஒவ்வொருவரும் இன்றும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். வரலாறு இதற்கு உடன்படவில்லை. சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடிக்கத் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. காதலியின் வாசலுக்கு வந்தும் அவளைக் காணாமலே நாயகன் இறக்கும் அந்தப் படத்தைத் தமிழர்கள் கொண்டாடினார்கள். அதன் பாடல்களை இரண்டு தலைமுறை பாடியது. ஆக, ரசிகர்களின் பெயரால் சொல்லப்படும் காரணம் பல வேளைகளில் முதல் போடுபவரின் அச்சமே.

*

முடிவு குறித்த சண்டை தமிழில் மிக வெளிப்படையாக நடந்தது ஜெயகாந்தனின் எழுத்தைச் சுற்றித்தான். 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மாணவியின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்கிறாள். இந்த முடிவு தமிழ்நாட்டை இரண்டாக்கியது. கண்டித்துக் கடிதங்கள் குவிந்தன. வேறு முடிவோடு கதையை மாற்றி எழுதியவர்களும் உண்டு.

ஜெயகாந்தன் அதற்குத் தந்த பதில் ஒரு நாவல். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூக்குரலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே முடிவை மாற்றிக்கொண்டு எழுதியதே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. கங்கா படித்து உத்தியோகம் பார்த்தும் அந்த ஒரு நாளிலிருந்து மீளமுடியாதவள் ஆகிறாள். சிறுகதையை எழுதியவனே நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற பாத்திரமாக நடமாடுகிறான். இந்நாவல் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. முடிவு நேர் எதிராக மாறியிருக்கிறது. முடிபு அணுவளவும் மாறவில்லை. பெண்ணின் தூய்மையை உடலில் தேடும் சமூகமே அவளை அழிக்கிறது என்று சிறுகதை உடன்பாட்டில் சொன்னதை நாவல் எதிர்மறையில் சொல்கிறது. நன்னூலார் சொன்ன இலக்கணத்துக்கு ஒரு படைப்பாளி தன் நூலுக்கே வழிநூல் செய்து காட்டிய இடம் இது.

1977இல் பீம்சிங் இதைப் படமாக்கியபோது ஜெயகாந்தனே திரைக்கதையும் வசனமும் எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார், ஆர்.கே.வி.யாக நாகேஷ் வந்தார். அதற்கும் முன்பே, 1965இல், தம் நாவலான ‘உன்னைப்போல் ஒருவ’னைத் தாமே இயக்கியிருந்தார் ஜெயகாந்தன். சேரிச் சிறுவன் சிட்டியின் கதையைப் பாட்டும் கூத்தும் இன்றி எடுத்த அந்தப் படத்துக்கு தேசிய விருதுகளில் சான்று கிடைத்தது, திரையரங்குகள்தாம் கிடைக்கவில்லை. எழுத்தாளனே இயக்கினால் முடிவு காக்கப்படும், ஆனால் படம் மக்களிடம் போய்ச் சேர ஆளிருக்காது என்பது அன்றைய நிலவரம்.

*

இந்த இடத்தில் மகேந்திரன் வருகிறார். தழுவல் குறித்த நம் எண்ணத்தையே புரட்டிப்போட்டவர் அவர். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் 1966இல் பரிசு பெற்றது. நாவலில் காளியின் கையைப் புலி கொண்டுபோகிறது; 1978இல் வந்த படத்தில் லாரி கொண்டுபோகிறது. சிறிய மாற்றம்போலத் தோன்றும். புலி என்றால் காளி வீரனாகிவிடுவான். லாரி என்றால் அவன் வேலை செய்யும் மின்நிலையத்துக்கு அன்றாடம் வந்துபோகும் வண்டியொன்று அவனை முடமாக்கியதாகிறது. குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த தன் அலட்சியத்துக்கு அவனே விலை கொடுத்ததாகவும் ஆகிறது. அவனது வறட்டுப் பெருமிதம் அங்கேதான் அடிபடுகிறது.

முடிவிலும் மகேந்திரன் தம் வழியே போனார். தங்கையை அவள் விரும்பிய இன்ஜினீயரிடம் ஒப்படைக்கும் காளி, அப்போதும் அந்த மனிதரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்றே சொல்கிறான். பாசத்துக்கு இணங்கியவன் பெருமிதத்தை விடவில்லை. முள் முள்ளாகவே இருக்க மலர் மலர்ந்தது. தலைப்பின் முடிபுக்குத் திரை தந்த உரை என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை விதையாகக் கொண்டு ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார். தாயற்றுப்போகும் குழந்தைகளின் தனிமை என்ற ஒன்றைத்தான் அவர் அங்கிருந்து பெற்றார் எனலாம்; மற்றவையெல்லாம் அவருடையவை. கிராமத்தை வதைத்த சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றங்கரைக்கு நடத்திச் செல்கிறது. தான் செய்த தீமைகளில் கொடியது, நல்லவர்களாயிருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கியதே என்ற கருத்தைச் சொல்லிவிட்டு அவன் நீருக்குள் இறங்குகிறான். குழந்தைகள் இருவரும் கரையில் நிற்கிறார்கள். இதைப் புதுமைப்பித்தன் எழுதவில்லை. என்றாலும் தண்டித்தவர்களையும் ஐயுறும் இந்தப் பார்வை புதுமைப்பித்தனுக்கு அந்நியமானது என்று அவரைப் படித்த எவரும் சொல்லமாட்டார்கள். நூலைக் கடந்தும் நூலாசிரியனிடம் நெருங்கிச் சென்ற படம் அது. பொன்னீலன், சிவசங்கரி, கந்தர்வன் என்று பின்னரும் எழுத்தாளர்களை நாடியே மகேந்திரன் படமெடுத்தார். எடுத்துக்கொண்டதை மறைக்கவும் இல்லை.

இதே தலைமுறையில் இலக்கிய உலகம் மதித்த வேறு நாவல்களும் திரைக்கு வந்தன. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கே.எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ ஆகி, இந்தியாவின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1995இல் ஞான ராஜசேகரனின் முதல் படமாக வந்தது. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 2002இல் தங்கர் பச்சானின் ‘சொல்ல மறந்த கதை’ ஆயிற்று. விருதுகளும் பாராட்டுகளும் கிடைத்தன. ஆண்டுக்கு ஒன்று என்றுகூட இது தொடர் வழக்கமாகவில்லை.

*

கடந்த பத்தாண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. இம்மாற்றத்தில் வெற்றிமாறனுக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய இரு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நம் அளவுகோலின் பயன் விளங்கும்.

கோவையில் ஆட்டோ ஓட்டுநராயிருந்த மு. சந்திரகுமார், குண்டூர்க் காவல்நிலையத்தில் தாம் நண்பர்களோடு பட்ட சித்திரவதைகளை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி நாள்கணக்கில் அடிக்கிறார்கள். அவர் உயிரோடு வெளியே வந்தார். வந்ததால்தான் நூல் உண்டு. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு 2016இல் இங்கே வெளியான ‘விசாரணை’யின் முற்பகுதி இந்நூலைத் தொடர்கிறது. பிற்பகுதி படத்துக்கென்றே கட்டப்பட்டது. அங்கே தமிழ்நாட்டுக் காவல்நிலையம் ஒன்றில், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட காரணத்தால் நாயகன் பாண்டி சுட்டுக் கொல்லப்படுகிறான்.

பிழைத்தவனின் நூலில் செத்தவனின் முடிவு! மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பெரிய மீறல் கிடையாது. எனினும் ‘லாக்கப்’பின் முடிபு என்ன? கேட்க நாதியற்ற ஏழையின் உடலை அதிகாரம் தன் வசதிக்கேற்பப் பயன்படுத்தும் என்பதே. தப்பிவந்த ஒருவர் சாட்சி சொன்னார். தப்பாதவர்களின் சார்பில் படம் சாட்சி சொல்லியது. முடிவு மாறியதால் முடிபு இன்னும் கடுமையாக நிலைநின்றது. இங்கே நூலும் படமும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

‘அசுரன்’ இவ்வளவு எளிதில் தீர்ப்புக்கு உட்படவில்லை. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்த சிறிய நாவல். பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்று தம் நிலத்தையும் விழுங்கப் பார்த்த வடக்கூரானை வெட்டுவதோடு அது தொடங்குகிறது. பிறகு முழுக்க முழுக்கத் தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் கண்மாய்க்கரையிலும் ஒளிந்து திரிவதுதான் கதை. கிடைத்ததைச் சமைத்துத் தின்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். மகன் செய்தது சரியா தவறா என்று தந்தை உபதேசிப்பதில்லை. சாதிப் பெயர் எதுவும் நாவலில் உச்சரிக்கப்படுவதுமில்லை. இறுதியில் இருவரும் சேர்ந்தே நீதிமன்றத்தில் சரணடையப் போகிறார்கள்.

படம் இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்தது. முதலாவது, தந்தை சிவசாமியின் இளமைக்காலம். பஞ்சமி நிலம் பறிபோன வரலாறு, செருப்பணிந்து நடந்தமைக்காகத் தண்டிக்கப்பட்ட பெண், குடிசைகளோடு எரிக்கப்பட்ட மக்கள் ஆகியவை அங்கே வருகின்றன. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை நினையாமல் எவராலும் அக்காட்சியைப் பார்க்க இயலாது. ஒடுக்கப்பட்டோருக்கென 1892இல் ஆங்கிலேய அரசு வழங்கத் தொடங்கிய நிலங்களைப் பற்றி, அதுவரை கேள்விப்பட்டிராத இலட்சக்கணக்கானோர் திரையரங்கில் கேட்டார்கள். பூமணி மௌனமாக விட்ட இடத்தைப் படம் வரலாற்றால் நிரப்பியது. இது விரித்தல், நல்ல விரித்தல் என்றே கருதுகிறோம்.

இரண்டாவது மாற்றம் முடிவு. படத்தில் தந்தை தனியே பழியை ஏற்றுச் சிறை செல்கிறார். போகும்முன் மகனிடம், நிலத்தையும் பணத்தையும் பிறர் பறிக்கலாம், கல்வியைப் பறிக்கமுடியாது, படி என்று கூறுகிறார். திரையரங்குகளில் கைதட்டல் எழுந்த இடம் இது. கல்வியின் பெருமையை மறுக்க வகுப்பறையில் வாழும் நமக்கு வாய் ஏது! ஆயினும் இங்கே கைமாறியது என்ன என்பதைச் சொல்லவேண்டும். ‘வெக்கை’யில் சிதம்பரம் தன் செயலுக்குத் தானே உரியவன். தந்தை அவனைத் தனக்குச் சமமான ஆளாக நடத்துகிறார். ஆகவே இருவரும் சேர்ந்து போகிறார்கள். படத்தில் அவன் மீண்டும் காப்பாற்றப்படவேண்டிய பிள்ளையாகிறான். கதை தியாகம் செய்யும் தந்தையின் கதையாகிறது. நீதிமன்றத்தை நோக்கி நடக்கும் இருவருக்கு என்ன கிடைக்கும் என்று பூமணி சொல்வதில்லை. அந்தச் சொல்லாமையின் வெக்கை வாசகனின் மேல் படிகிறது. படமோ பார்வையாளனுக்கு எடுத்துச்செல்ல ஓர் அறிவுரையைத் தந்து அனுப்பிவிடுகிறது. முடிவு மாறியபோது முடிபும் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்பதே நம் எண்ணம். ‘அசுரன்’ நல்ல படம்தான், நாயகனுக்குத் தேசிய விருதைப் பெற்றுத்தந்த படமும்கூட. நாவலின் மிகக் கடினமான பக்கத்தை மட்டும் அது எழுதவில்லை.

*

‘பொன்னியின் செல்வன்’ கதை வேறு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய இந்தத் தொடரை 1958இல் எம்.ஜி.ஆர். படமாக்க முனைந்தார், நடக்கவில்லை. பலரின் கனவாகவே அறுபதாண்டுகளுக்கு மேல் இருந்து, மணிரத்னத்தின் இயக்கத்திலும் ஜெயமோகனின் வசனத்திலும் அது படமாயிற்று. ஐந்து பாகங்களைச் சுமார் ஐந்தரை மணி நேரமாகத் தொகுத்தது எளிய செயலன்று. ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சந்திக்கும் கடம்பூர் மாளிகைக் காட்சியில், காதலும் குற்றவுணர்வும் கொண்ட இருவரைப் பார்த்தோம். நாவலில் கொலை நிகழும் அறை இருளில் மூழ்கிவிடுகிறது; யார் கை என்று கல்கி உறுதியாகச் சொல்வதில்லை. படத்தில் கேமரா அந்த அறைக்குள் நிற்கிறது. கண்ணால் காட்டும் கலை மறைத்துவைப்பதற்குப் படும் பாடு இது. அதைக் குறை சொல்லமாட்டோம்.

நாம் கேட்க விரும்புவது வேறு. நாவலில் உண்மையான மதுராந்தகன் சேந்தன் அமுதன் என்று தெரியவருகிறது. பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்துவந்த எளிய இளைஞன் உத்தம சோழனாகிறான். படம் இந்தத் திருப்பத்தை விட்டுவிட்டு, அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி மகுடம் சூட்டுவதாக முடிக்கிறது. தியாகம் என்ற நிகழ்ச்சி இருக்கிறது. பகையாயிருந்தவனுக்கே விட்டுக்கொடுப்பதால் அது பெரிதாகிவிட்டது என்று வாதிடவும் இடமுண்டு. மறுபுறம், அரசு என்பது ஆசைப்படாதவனிடமும் போய்ச் சேரலாம் என்ற கல்கியின் கனவு, காந்திய யுகத்தின் கனவு, திரையில் இல்லாமற் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. கல்கி தம் நாவலை மகுடாபிஷேகத்தோடு முடிக்கவில்லை. வந்தியத்தேவனை ஒருதலையாய் நேசித்துச் சித்தம் கலங்கிய மணிமேகலை அவன் மடியில் உயிர்விடுவதோடு முடிக்கிறார். சோழநாட்டின் பெருமையெல்லாம் பேசிவிட்டு, வரலாற்றில் பெயரில்லாத ஒரு பெண்ணின் சாவில் வந்து நிற்கிறார். பல வாசகர்களுக்கு இது உவப்பாயில்லை. இன்னின்னாருக்குப் பின் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு அவர் முடிவுரையில் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது. அரசர்களின் கதை அரசர்களோடு தொடங்கி அரசர்களோடு முடிகிறது. பொருட்செலவும் போர்க்களமும் இருந்தும், நாவலைப் பலமுறை படித்தவர்கள் ‘ஏதோ குறைகிறது’ என்று சொன்னார்களே, அந்த ஏதோவின் பெயர் மணிமேகலை என்று நமக்குப் படுகிறது.

*

இதையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. கம்பன் காலத்தில் வான்மீகம் வேறு மொழியில் தன் இடத்தில் பத்திரமாக இருந்தது. இன்றோ ஒரு நூலின் திரைவடிவம் நூலின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. ‘வெக்கை’யின் முடிவை எழுதச் சொன்னால் சிவசாமி மகனுக்குச் சொன்ன அறிவுரையை எழுதும் விடைத்தாள்களை நாம் திருத்திக்கொண்டிருக்கிறோம். சிவசாமி என்ற பெயரும் அந்த அறிவுரையும் படத்தினுடையவை என்பது அம்மாணவர்களுக்குத் தெரியாது. அவர்களை நொந்து பயனில்லை. படத்தைப் பார்த்தபின் நாவலைத் தேடி வாங்குவோர் பெருகியிருப்பதும் உண்மை. புத்தகக் காட்சிகளில் படத்தின் பெயரைச் சொல்லி நூலைக் கேட்பவர்களைக் காண்கிறோம், மகிழ்ச்சியாகவே இருக்கிறது. அப்படி வாங்கிய நூலைக் கடைசிப் பக்கம் வரை படிக்கச் செய்வது ஆசிரியர்களாகவும் வாசகர்களாகவும் நம்முடைய வேலை.

ஜெயமோகனின் ‘துணைவன்’ என்ற சிறுகதையிலிருந்து 2023இலும் 2024இலும் ‘விடுதலை’ இரு பாகங்களாக விரிந்தது. இன்னும் பல நூல்கள் திரைக்கு வரும். அவை வரும்போது, எந்தக் காட்சி விடுபட்டது என்று பட்டியலிடுவதை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்த நூல் எதைக் கண்டடைந்தது? படம் அதனோடு உடன்பட்டு நின்று வேறுபட்டதா, அன்றி அதை எதிர்கொள்ள அஞ்சி வேறுபட்டதா? ‘உதிரிப்பூக்க’ளுக்கும் ‘விசாரணை’க்கும் இக்கேள்விகளால் பெருமையே மிகும். மற்றவற்றுக்கு என்ன விடை என்பதை, படத்தைப் பார்த்த கையோடு நூலின் இறுதி அத்தியாயத்தைப் படிக்கும் எவரும் தாமே எழுதிக்கொள்ளலாம். ‘வெக்கை’ சிறிய நூல்தான். ஓர் இரவுக்குள் படித்துவிடலாம்.